பின்னாலை நடந்து போறவை

வட்டக்கச்சி,
ஞாயிறு பின்னேரம்.

அன்பு மகன்,

சுகமாய் இருக்கிறியோ ராசா. இஞ்சை நாங்கள் சுகம். அப்பாவின்ர முழங்கால் நோ அப்பிடியேதான் கிடக்கு, கால் நோகுது எண்டு சொல்லிச் சொல்லி வயலுக்குப் போறார். லீவிலை வந்து நிண்ட பொடியன் வெள்ளிக்கிழமை உங்கை கொரியாவுக்குத் திரும்பிறானாம். அவனிட்டை மிளகாய்த்தூள் 2 கிலோ, மோர்மிளகாய், கொஞ்சம் ஒடியல் மா எல்லாம் குடுத்து விடுறன். இந்தக் கடிதம் தூள் பொதிக்கு மேலை இருக்கும். தும்மிக்கொண்டு வாசி.

போனிலை சொல்லலாமே எண்டு கேப்பாய். போனிலை நீ என்னைக் கதைக்க விட்டாத்தானே? போன கிழமை நான் கொரியா நாடகக் கதையை எடுத்த உடனை, "அம்மா, உதெல்லாம் பொய், உதைப் பாத்துக் கண்ணைக் கெடுக்காதேங்கோ" எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டாய். இரவு வேலைக்குப் போற அவசரம் எண்டு விளங்குது. ஆனா எனக்கு மறுமொழி சொல்ல இருக்கு. அதுதான் எழுதிறன்.

பொய் எண்டு எனக்குத் தெரியாதோ? உவங்களின்ர நாடகத்திலை பத்துக்கு ஏழிலை கொம்பனிக்காரன்ர மகன்தான் கதாநாயகன். பெட்டை ஏழை, மொட்டை மாடியிலை ஒரு அறையிலை இருப்பாள். பெடியன்ர தாய் வந்து ஒரு என்வலப்பிலை காசை வைச்சு, என்ர மகனை விட்டிடு எண்டுவாள். எல்லாம் சரிவந்து சந்தோசமாய் இருக்கேக்கை ஒரு லொறி வந்து அடிக்கும். அடிபட்டவனுக்குப் பழசு எல்லாம் மறந்துபோம். பச்சைப் போத்தில் சாராயம் ஒண்டைக் குடிச்சிட்டுப் பெட்டை விழ, பெடியன் முதுகிலை தூக்கிக்கொண்டு போவான். அந்தப் பச்சைப் போத்திலைப் பாக்கிற நேரமெல்லாம் எனக்கு உன்ர நினைப்புத்தான். நீ தொடுறேல்லை எண்டு சொன்னனீ. நம்பிறன்.

இவ்வளவும் தெரிஞ்சும் ஏன் பாக்கிறன் எண்டால், முதலாவது காரணம் அது முடியும். இந்தியாச் சீரியல் கீரைப் பாத்தி மாதிரி. வெட்ட வெட்ட முளைக்கும், ஒரு நாளும் அறுவடை இல்லை. தாலியைக் கழட்டுறதும் கட்டுறதுமாய் மூண்டு வருசம் ஓட்டுவாங்கள். கொரியா நாடகம் 16 பாகம். சிறுபோகம் மாதிரி விதைச்சு, களை பிடுங்கி, வெட்டி வீட்டை கொண்டு வந்திடலாம். ராசமாளிகையிலை சமைக்கிற பெட்டை சாங்கும், பேந்து ராசாவுக்கே வைத்தியம் பாப்பாளே, அந்த நாடகம் 54 பாகம். அது காலபோகம். அதுவும் ஒரு நாள் முடிஞ்சுதுதானே.

சாங்கும் நாடகத்தை எங்கட அரசாங்க ரீவி ரூபவாஹினியிலை சிங்களத்திலை போட்டவங்கள், நினைவிருக்கோ? சிங்களப் பேர் சுஜாத தியணி. எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை. ஆனா அடுப்படிக்கு என்ன பாஷை? சின்னப் பிள்ளையாய் இருக்கேக்கை கறியை வாயிலை வைச்சிட்டு, இதுக்குள்ளை இன்ன பழம் போட்டிருக்கு எண்டுவாள். தக்காளி மாதிரி ஒரு பழம், பேர்சிமன் எண்டு நீதான் பிறகு சொன்னனீ. எப்பிடிக் கண்டுபிடிச்சாய் எண்டு பெரியவை கேக்க, அந்தப் பழத்தின்ர ருசி இருந்தது, அதாலை சொன்னன், வேறை என்னத்தைச் சொல்ல எண்டு நிப்பாள். என்ர அம்மாவும் அப்பிடித்தான். உப்புக் காணுமோ எண்டு மணத்திலை சொல்லுவா. பிறகு சாங்குமுக்கு நாக்கிலை ருசி போயிடும். மற்ற ஆக்கள் அழுத இடம் வேறையாய் இருக்கும், நான் அழுதது அங்கைதான். ராசாக்களின்ர ஏட்டிலை அவளைப் பற்றி ஏதோ சில வரிதான் இருக்காம், மிச்சம் முழுக்க இவை இட்டுக்கட்டினதாம். சில வரியிலையிருந்து 54 பாகம் எடுக்கிறவையைப் பொய்க்காரர் எண்டு தள்ள எனக்கு மனம் வரேல்லை.

உனக்குத் தெரியாத ஒரு கதை சொல்லுறன். நான் முதல் முதல் பாத்தது கொரியா இல்லை, ஜப்பான். ஓஷின். அப்ப கொக்காவிலிலை ரூபவாஹினியின்ர ஒளிபரப்புக் கோபுரம் நிண்டது. எங்கட ஒழுங்கையிலை ஒரே ஒரு வீட்டிலைதான் ரீவி, கார் பற்றியிலை ஓடும். முத்தத்திலை பாய் போட்டு ஊரே குந்தியிருக்கும். அந்த நாடகத்திலை ஏழு வயசுப் பிள்ளையை ஒரு மூட்டை அரிசிக்கு வேலைக்கு அனுப்புவினம். சினோ, அதுதான் வெண்பனி, கொட்டுற ஆத்திலை தெப்பத்திலை ஏத்தி விட, தாய் கரையிலை நிண்டு பாப்பாள். அந்த முத்தத்திலை ஒரு சத்தம் இல்லை. எல்லாம் நெல்லு விதைக்கிற சனம், ஒரு மூட்டை அரிசி எண்டால் என்னெண்டு தெரிஞ்ச சனம்.

பெரியக்காவின்ர பேத்தி போனிலை தேடிச் சொன்னாள், அது 1983 சித்திரையிலை ஜப்பானிலை தொடங்கி ஒரு வருசம் ஓடினதாம், 297 பாகமாம். நாங்கள் எத்தினை பாத்தமோ தெரியாது. 90 இலை சண்டையோடை கொக்காவில் கோபுரமும் போச்சு, கறண்டும் போச்சு. பிறகு சைக்கிளைக் கவிட்டு வைச்சுச் சில்லைச் சுத்தி, டைனமோவிலை றேடியோ கேட்ட காலம். உன்னை மடியிலை வைச்சுக்கொண்டு அப்பா சில்லைச் சுத்துவார், நீ சில்லுக்கை கையை விடப் பாப்பாய். கோபுரத்தைத் திரும்பக் கட்டித் திறந்தது 2011 இலை. 174 மீற்றராம். ஏ9 இலை பஸ்ஸிலை போகேக்கை இப்பவும் நான் அண்ணாந்து பாக்கிறனான்.

உன்னைக் கட்டுநாயக்கா ஏர்போட்டிலை விட்டிட்டு வந்த இரவு அப்பா சொன்னார், நாங்களும் அரிசிக்குத்தான் அனுப்பினம் எண்டு. நான் நல்லாய் ஏசிப்போட்டன். ரெண்டு நாள் அவரோடை கதைக்கேல்லை.

சரி, அதை விடு. நீ கேட்டாய், பாஷை தெரியாமல் என்னத்தைப் பாக்கிறியள் எண்டு. பேத்தி சின்ன ரீவி மாதிரி ஒண்டைக் கொண்டு வருவாள். கீழை இங்கிலீசு எழுத்து ஓடும், அவள் வாசிச்சுத் தமிழிலை சொல்லுவாள். கள்ளி, சில இடத்திலை ஒண்டும் சொல்லாள். என்னடி நடக்குது எண்டு கேட்டால், சும்மா கதைக்கினம் அம்மம்மா எண்டுவாள். எனக்கு என்ன கண் தெரியாதே? சிலது தமிழிலையே வருது, ஆனா அது இந்தியத் தமிழ். கொரியாக்கிழவி "என்னடா பண்றே" எண்டால் எனக்குச் சிரிப்பு அடக்கேலாது. அம்மா எண்டதை ஓம்மா எண்டும் அப்பாவை அப்பா எண்டும் அவை கூப்பிடேக்கை மட்டும் எழுத்து வேண்டாம்.

வானத்திலையிருந்து விழுந்த பெட்டையின்ர நாடகத்தை நீயும் பாத்தனீ எண்டு சொன்னாய். தென்கொரியாப் பணக்காரி, பரசூட் மாதிரி ஒண்டிலை பறக்க, காத்து அடிச்சு வடக்கிலை கொண்டு போய்ப் போடும். அங்கத்தைய ஆமிக்காரன் ஒளிச்சு வைச்சுக் காப்பாத்துவான். நீ சொன்னாய், தெற்காலை எடுத்த படத்திலை வடக்கின்ர கதை சும்மா கற்பனை எண்டு. வடக்கிலையிருந்து தப்பி வந்த ஆக்களைக் கேட்டுத்தான் எழுதினவங்களாம். எனக்கு அந்தக் கிராமத்தைப் பாக்க வேறை சாட்சி தேவையில்லை. கறண்ட் நிண்டா பெருமூச்சு விடாமல் விளக்கைக் கொளுத்திற விதம். ஒரு வீட்டிலை சாமான் வந்தால் மணம் பிடிச்சு வாற பொம்பிளையள். ரயில் இருட்டுக்கை நிண்டுபோம், சனம் இறங்கி வெளியிலை நெருப்பு மூட்டிக் குளிர் காயும். அந்த நேரத்திலையும் எங்கையிருந்தோ ஆக்கள் ஓடி வந்து சாப்பாடும் போர்வையும் விப்பினம். முகமாலையிலையும் ஓமந்தையிலையும் சோதனைச் சாவடி வரிசையிலை நிண்ட எனக்குத் தெரியும், அந்த வியாபாரி எங்கையிருந்து வந்தவன் எண்டு.

ஆனா முடிவு எனக்குப் பிடிக்கேல்லை. அவன் வடக்கு, அவள் தெற்கு, வருசத்திலை ரெண்டு கிழமை சுவிஸிலை சந்திக்கினம், சுபம். ரெண்டு கிழமை ஒரு முடிவோ? பேத்தி கைதட்டினாள். நீ வந்து நிண்ட ரெண்டு கிழமையிலை முதல் நாலு நாள் நித்திரை கொண்டாய், கடைசி நாலு நாள் பெட்டி அடுக்கினாய். அந்த எழுத்தாளர் ஒரு தாயிட்டைக் கேட்டிருக்கலாம்.

நீ ஒருக்கா சொன்னது அந்த நாடகம் பாக்கேக்கை ஞாபகம் வந்தது. 83 இலை அவையின்ர ரீவி, கொரியாச் சண்டையிலை பிரிஞ்ச குடும்பங்களைத் தேடி நேரடியாய்ப் போட்டதெண்டு. ஆனி 30 இலை தொடங்கி 138 நாள், 453 மணித்தியாலம். ஒரு பேரை எழுதிப் பிடிச்சுக்கொண்டு சனம் நிண்டதாம், 10,189 குடும்பம் சேந்ததாம். நீ அனுப்பின வீடியோவை உன்ர சின்னம்மாவுக்குக் காட்டினன். அவவும் படத்தைப் பிடிச்சுக்கொண்டு, காணாமல் போனவையைத் தேடிக் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடிப் பந்தலிலை 2017 மாசியிலையிருந்து இருக்கிறாதானே. முழுக்கப் பாத்தா. அவையளுக்கு ரீவிக்காரன் வந்தான் எண்டு மட்டும் சொல்லிப்போட்டு எழும்பிப் போயிட்டா. அதுக்குப் பிறகு அவவுக்கு ஒண்டும் காட்டேல்லை.

மாண்டரின் தோட்டத் தீவு, ஜேஜு, அந்தக் கதையும் பாத்தன், 2025 இலை வந்தது. மூச்சைப் பிடிச்சுக் கடலுக்கை சுழியோடுற பொம்பிளையள். அந்தத் தகப்பன் ஒரு சொல்லுக் கதைக்கான், மகளை ஜப்பானுக்குப் படிக்க அனுப்ப வீட்டை விப்பினம். அப்பா ஒரு நாளும் நாடகம் பாக்காத மனிசன், கதவு நிலையிலை சாஞ்சுகொண்டு நிண்டு அந்தப் பாகம் முழுக்கப் பாத்தார். கேட்டால் கால் நோவிலை நிண்டனானாம். கால் நோவெண்டால் மனிசர் இருக்கிறதோ நிக்கிறதோ?

இனி நீ கோவிக்கக் கூடாது. ஸ்குவிட் கேமும் பாத்தன். பேத்தி வேண்டாம் எண்டுதான் சொன்னாள், தமிழிலை வருது எண்டு நான்தான் பிடிவாதம் பிடிச்சன். அதிலை அலி எண்டு ஒரு பாகிஸ்தான் பொடியன். பட்டறையிலை வேலை, முதலாளி மாதக்கணக்காய்ச் சம்பளம் குடுக்கேல்லை. எல்லாருக்கும் குனிஞ்சு குனிஞ்சு வணக்கம் சொல்லுவான், நம்பின ஆள் அவனைக் கோலி விளையாட்டிலை ஏமாத்துவான், நாங்கள் போளை எண்டுவமே, அந்தக் கண்ணாடி உருண்டையிலை. அதோடை நிப்பாட்டச் சொல்லிட்டன். மிச்சம் என்னெண்டு எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அண்டு விடிய மூண்டு மணிக்கு உனக்கு எடுத்தனான், ஞாபகமோ? உனக்கு அங்கை ஆறரை. என்னம்மா, என்ன எண்டு பதறினாய். சும்மா எண்டன்.

இத்தினை நாடகம் பாத்திட்டன் ராசா, உன்னை மாதிரி முகத்தை நான் கண்டது அந்த ஒரு பொடியனிலைதான். அதுதான் சொல்ல வந்தது. நான் கதாநாயகனைப் பாக்கிறேல்லை. அவனும் அவளும் குடைக்குக் கீழை நிக்கேக்கை பின்னாலை நடந்து போறவையைத்தான் பாக்கிறன். பஸ் தரிப்பிலை நிக்கிறவை, கடையிலை பெட்டி இறக்கிறவை. ரோட்டு எவ்வளவு அகலம், எத்தினை மணிக்கு இருளுது, சாப்பாட்டுக் கடையிலை தனிய இருந்து சாப்பிடுறவனுக்கு ஆரும் சிரிச்சுக் கதைக்கினமோ எண்டு. முதல் சினோ விழேக்கை நாடகத்திலை சோடிகள் கையைக் கோத்துக்கொண்டு மேலை பாக்கும். நீ அனுப்பின படத்திலை உன்ர கை வெடிச்சிருந்தது, சினோ வழிச்ச மண்வெட்டி பக்கத்திலை கிடந்தது. பேத்தியிட்டைக் கேட்டன், நீ இருக்கிற அன்சான் வாற நாடகம் இருக்கோ எண்டு. தேடிப்போட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

உன்ர விசா 4 வருசம் 10 மாதம். அதிலை பாதிக்கு மேலை போட்டுது. இவ்வளவு காலத்திலை நீ எடுக்கிற நேரமெல்லாம் போனை முகத்துக்குக் கிட்டப் பிடிச்சுக்கொண்டுதான் கதைச்சிருக்கிறாய். நெத்தியும் மூக்கும் தெரியும். சில நேரம் ஒரு தகரச் சுவர் மாதிரி மூலையிலை வரும், நீ உடனை திரும்பிடுவாய். நான் கண்டு கனகாலம். கேக்கேல்லை.

நாங்கள் தரப்பாளுக்குக் கீழை எத்தினை மாதம் இருந்தனாங்கள். செட்டிகுளம் முகாமிலை ஒரு கூடாரத்துக்கை ரெண்டு குடும்பம். நீயும் அதுக்கைதானே கிடந்தனீ. எந்த அறையைக் கண்டு நான் பயப்படப் போறன்?

தூளைக் குளிருக்கை வைச்சாலும் மூடியை இறுக்கிப் பூட்டு, கட்டி பிடிச்சிடும். மோர்மிளகாயைப் பொரிக்கேக்கை சன்னலைத் திற, அங்கத்தையச் சனம் ஓடி வரும். அடுத்த ஞாயிறு எடுக்கேக்கை போனை ஒருக்காத் திருப்பி, கதவடியிலையிருந்து மெல்ல மெல்லக் காட்டு. படுக்கிற இடம், அடுப்பு, சன்னலாலை தெரியிற ரோட்டு. பேத்தியையும் கூப்பிட மாட்டன். அப்பாவும் நானும் மட்டும்.

அன்புடன்,
அம்மா