காரைக்குடி வீட்டுத் தோட்டச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். கூட்டத்துல நின்னு வாசிச்சா பாதியில காபி வந்துரும், அப்புறம் யாரும் கேக்க மாட்டேங்கிறீங்க, அதனால இந்த வருஷம் முன்னாடியே டைப் பண்ணி அனுப்பிடுறேன், ஆச்சிமார், அண்ணன்மார், புதுசா சேந்த தம்பி தங்கச்சிங்க எல்லாரும் ஒரு தடவை படிச்சிட்டு வாங்க. வரவு செலவு பொருளாளர் அண்ணன் தனியா சொல்லுவாக. மாசக் கூட்டம் மார்கழி தவிர எல்லா மாசமும் நடந்துச்சு. நிர்வாகக் குழுவுல மாத்தம் இல்ல. அம்புட்டுதான், இனி விஷயத்துக்கு வர்றேன்.

இந்த வருஷம் பெரும்பாலும் பேசுனது தைப்பட்டம், மாசிப்பட்டம், அதாவது தை, மாசியில விதைக்கிற பருவம் பத்திதான். ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்லி நம்ம ஆளுங்க ஆடியில காட்டுற வேகத்தத் தையில காட்டுறதில்ல, ஆனா வீட்டுத் தோட்டத்துக்கு இதுதான் ருசியான காலம், மழை ஓஞ்சு வெயிலும் ஏறாம பூச்சியும் கொஞ்சம் அடங்கி இருக்கும். சிக்கல் என்னன்னா முடிவு. பங்குனி பாதியிலயே நம்ம ஊரு வெயில் மண்டையப் பொளக்கும், சித்திரை கடைசியில கத்திரி வெயில் வேற. அப்ப செடி காய்ச்சு முடிக்கிற நெலமையில இருக்கணும், அப்பத்தான் பூக்க ஆரம்பிக்குதுன்னா போச்சு. அதனால விதைக்கிற தேதிய வெயில்ல இருந்து பின்னால எண்ணித்தான் போடணும்னு குழு முடிவு பண்ணிருக்கு.

தக்காளியவே எடுத்துக்குங்க. நாத்து வளர 25 நாள், நட்டு மொதப் பழம் பறிக்க ரெண்டு மாசத்துக்கு மேல. பகல் வெயில் 35 டிகிரிய தாண்டி ராத்திரியும் புழுங்குனா பூ கருகி உதிரும், பிஞ்சு நிக்காது. அப்ப நாத்து எப்ப விடணும்? கார்த்திகை கடைசி, இல்ல மார்கழி மொத வாரம். தை பொறந்ததும் பாத்துக்கலாம்னா லேட்டு. நம்ம முத்துமாரியம்மனுக்கு மாசி பங்குனித் திருவிழாவுல தக்காளிதான் விசேஷம், சொந்தச் செடிப் பழத்தக் கொண்டுபோய்க் குடுக்கணும்னு ஆசைப்படுற ஆச்சிமார் இந்தக் கணக்க எழுதியே வச்சுக்கலாம். பழத்தோட அடிப்பக்கம் கருப்பா அழுகுச்சுன்னு ரொம்ப பேரு போட்டோ போட்டீங்க, அது பூச்சியும் இல்ல நோயும் இல்ல, ரெண்டு நாள் காயப் போட்டு மூணாவது நாள் குடம் குடமா ஊத்துறதால செடிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராம வர்றது. கொஞ்சமா ஆனா தெனமும் ஊத்துங்க.

வெண்டை, கொத்தவரை, தண்டங்கீரை, அரைக்கீரை இதெல்லாம் பயப்பட வேண்டாத அயிட்டம். வெண்டை விதைய ராத்திரி ஊறப் போட்டு ஊனுனா 45 நாள்ல காய், வெயிலயும் தாங்கும். நாலு பேரு இருக்க வீட்டுக்கு பத்துப் பன்னெண்டு செடி தாராளம், அரிசி கழுவுன தண்ணியில வைக்கிற வெண்டைக்கா மண்டிக்கும் ஆச்சு, பொரியலுக்கும் ஆச்சு. அரிசி கழுவுன தண்ணிய செடிக்கு ஊத்தச் சொல்லி நோட்டீஸ் குடுத்தோம், அதுக்கு ஒரு ஆச்சி “அப்ப மண்டிக்கு எதை ஊத்துறது”ன்னு கேட்டாக, குழுவுல யார்ட்டயும் பதில் இல்ல.

கொடி வகைக்கு வர்றேன், ஏன்னா வந்த புகாருல பாதி இதுதான், சுரை பூக்குது காய்க்கல, பூசணி பிஞ்சு மஞ்சளாகி விழுகுதுன்னு. ஒரு சாயங்காலம் மெம்பர் வீட்டு மாடியில எல்லாரையும் கூப்பிட்டு நேர்லயே காமிச்சோம். சுரைப்பூ வெள்ளை, பொழுது சாயும்போதுதான் விரியும், அந்துப்பூச்சி வந்தாத்தான் மகரந்தம் சேரும், மூணாவது மாடியில அது எங்க வரும். ஆண் பூ நீளக் காம்புல வெறும் பூவா நிக்கும், பெண் பூவுக்கு அடியில ரோமத்தோட சின்னப் பிஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கும். ஆண் பூவ ஒண்ணப் பறிச்சு இதழப் பிச்சுட்டு நடுவுல இருக்கற தூள பெண் பூவோட நடுவுல லேசாத் தடவி விட்டா சோலி முடிஞ்சுது. பீர்க்கும் சாயங்காலம்தான். பூசணி, பாகல் ரெண்டும் காலையில விரியும், பூசணிய விடிஞ்ச கையோட பாத்துரணும், பத்து மணிக்கு மேல போனா பூ சுருங்கிக் கெடக்கும். பத்து மணிக்குப் போயிட்டு விதை சரியில்லன்னு கடைக்காரர திட்டுனவுக இங்க இருக்காக, பேரு வேணாம்.

மூலிகைத் தொட்டி தனியா வைக்கணும்னு இல்ல, அடுப்படிக் கதவுகிட்ட வைங்க, தூரமா வச்சா யாரும் பறிக்கிறதில்ல. கற்பூரவள்ளி, துளசி, தூதுவளை, பிரண்டை இதெல்லாம் ஒரு கம்பு ஒடிச்சு வச்சாலே, இல்ல ரெண்டு விதை விழுந்தாலே வர்றது, காசு குடுத்து வாங்காதீங்க, கேட்டா எங்கிட்டயே இருக்கு. புதினாவ அரை நிழல்ல. கொத்தமல்லிய மாசிக்கு மேல போடாதீங்க, வெயில் பட்டதும் எல விடாம நேரா பூத்து விதைக்குப் போயிரும். கறிவேப்பிலைக்குப் பழம் பழுத்து விழுந்த உடனே ஊனுன விதைதான் மொளைக்கும், டப்பாவுல எடுத்து வச்சதுக்கு உயிர் இருக்காது.

பழமரத்துல குழு கொஞ்சம் கண்டிப்பா இருக்கு. எலுமிச்சை, கொய்யா, மாதுளை, சீத்தா எதையும் கோடை வாசல்ல நடாதீங்க. இப்ப குழி மட்டும் எடுங்க. நம்ம பக்கம் செம்புறாங்கல், ஒரு அடிக்கு மேல கடப்பாரை இறங்காது, வேர் எப்படி இறங்கும்? ரெண்டரை அடிக்கு ஆள விட்டாவது தோண்டி, பங்குனி சித்திரை வெயில்ல குழிய அப்படியே காயப் போட்டு, அப்புறம் மேல்மண்ணும் தொழு உரமும் போட்டு மூடி, புரட்டாசி ஐப்பசி மழைக்கு கன்னு வைங்க. நமக்கு வடகிழக்குப் பருவ மழைதான் மழை. அவசரம் தாங்காதவுகளுக்கு முருங்கை இருக்கு, 1989ல பெரியகுளத்துல இருந்து வந்த பிகேஎம் 1 ரகம், விதை ஊனி ஆறு மாசத்துல காய்.

பப்பாளியில மாவுப்பூச்சி வந்ததும் கடையில இருக்கிறதுலயே காட்டமான மருந்த கேக்குறது இன்னும் நிக்கல. 2008ல கோயமுத்தூர் பக்கம் இந்தப் பூச்சி வந்து மரம் மரமா அழிஞ்சப்ப, 2010ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து ஒரு சின்ன ஒட்டுண்ணிக் குளவிய கொண்டாந்து விட்டுத்தான் அடக்குனாங்க. மருந்தடிச்சா மொதல்ல சாகுறது அந்தக் குளவிதான். பைப்பு தண்ணிய வேகமா பீச்சுங்க, அதுக்கும் கேக்கலேன்னா வேப்பெண்ணெயில சோப்பு கலந்து சாயங்காலமா அடிங்க. சந்தேகம் இருந்தா குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையம் பக்கத்துலதான், எலையோட போய்க் கேளுங்க. மயிலுக்கு மட்டும் யார்ட்டயும் மருந்து இல்ல. தேசியப் பறவை, தொடக் கூடாது, வலை கட்டுறத தவிர வேற வழி தெரியல.

கடைசியா தண்ணி. சம்பை ஊத்துத் தண்ணி குடிக்கிறதுக்கு, அத செடிக்கு ஊத்துறது எனக்குப் பிடிக்கல, சிலருக்குக் கோவம் வந்தாலும் எழுதிடுறேன். கோடையில செடி வளக்குற ஒரு பெரிய பைக்கு காலையில ஒரு லிட்டர் சாயங்காலம் ஒரு லிட்டர் வேணும், 30 பை வச்சா 60 லிட்டர், 15 லிட்டர் குடத்துக்கு தெனம் நாலு குடம். அந்த நாலு குடம் எங்கேர்ந்து வருதுன்னு தெரிஞ்சப்பறம் பை வாங்குங்க. பாத்திரம் கழுவுன தண்ணிய வாழைக்கும் முருங்கைக்கும் திருப்பலாம். முத்தத்துல விழுகிற மழைத் தண்ணிய அண்டாவுலயும் கெணத்துலயும் பிடிச்சு வச்ச ஊரு இது, இப்ப பாதி வீடு பூட்டிக் கெடக்கு, பின்கட்டுக் கெணத்துல தண்ணி கெடந்து பாசி பிடிக்குது. சென்னையிலயும் வெளிநாட்டுலயும் இருக்க வீட்டுக்காரவுக சம்மதிச்சா சங்கத்து ஆளுங்க அந்தக் கொல்லைய பாத்துக்கிட்டு காய அக்கம் பக்கத்துக்குக் குடுக்கத் தயார், திருவிழாவுக்கு வரும்போது எல்லாரும் அவுகவுக பங்காளிகிட்ட பேசிப் பாருங்க.

வர்ற வருஷத்துக்கு ஒரு தீர்மானம் முன்வைக்கிறேன். விதைப் பாக்கெட்ட கேட்டவுகளுக்கெல்லாம் கேட்டதெல்லாம் குடுக்கிறத நிறுத்தணும். வீட்டுல என்ன சாப்பிடுறீங்க, வெயில் எத்தன மணி நேரம் விழுகுது, எத்தன குடம் தண்ணி ஒதுக்க முடியும், இந்த மூணையும் ஒரு தாள்ல எழுதிக் குடுத்தாத்தான் விதை. நூக்கோல் யாரும் சாப்பிடாத வீட்டுல நூக்கோல் எதுக்கு. கூட்டத்துக்கு வரும்போது அந்தத் தாளோட வாங்க, சந்தா பாக்கி இருக்கவுக அதையும் கையோட கொண்டாங்க, விதை வாங்கிட்டுப் போகப் பை நீங்களே எடுத்துட்டு வந்துருங்க, இந்தத் தடவை சங்கத்துல பை கிடையாது.