பிரபுவைத் திட்டாதே

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். மீனாவுக்குத் தை மாதம் ஏழு பிறக்கிறது. வளைகாப்புத் தேதியைச் சம்பந்தி வீட்டில் இன்னும் முடிவு செய்யவில்லை. தெரிந்ததும் எழுதுகிறேன், நீ கட்டாயம் வரவேண்டும்.

சரி, உன் பிள்ளை பிரபு விஷயத்துக்கு வருகிறேன். ராத்திரி ஒரு மணிக்கும் போர்வைக்குள் வெளிச்சம் தெரிகிறது, போனைப் பிடுங்கினால் சாப்பிடாமல் கிடக்கிறான் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு கனத்துப் போயிற்று. கைக்குழந்தையாக அவனைத் தூக்கி வைத்திருந்தவள் நான்.

பள்ளிக்கூடத்தில் தினமும் இதைத்தான் பார்க்கிறேன். முதல் பீரியடில் பிளஸ் ஒன் வகுப்புக்குள் நுழைந்தாலே யார் ராத்திரி தூங்கவில்லை என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். கண்ணோரம் சிவந்திருக்கும். நான் போர்டில் எழுதத் திரும்பினால் போதும், தலை டெஸ்க்கில் சாய்ந்துவிடும். முன்பெல்லாம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் தூங்கி வழிவார்கள், இப்போது காலை ஒன்பதரைக்கே. கணக்கில் கெட்டிக்காரப் பையன் ஒருவன், பாடத்தில் ஒரு பத்தியைச் சேர்ந்தாற்போல் வாசிக்க முடியாமல் நடுவிலேயே நிறுத்திவிடுகிறான். அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனசு வரவில்லை.

ஏனென்றால் அவன் பலவீனத்தைவிட எதிரே இருப்பவர்களின் சாமர்த்தியம் பெரிது. ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளை நாம் பி.எட்.டில் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? எந்தக் கொத்துக்குத் தானியம் விழும் என்று தெரியாதபோதுதான் புறா விடாமல் கொத்தும், தானியம் நின்ற பிறகும் வெகுநேரம் கொத்தும். அடுத்த வீடியோ நன்றாக இருக்குமோ என்று பிள்ளைகள் விரலால் தள்ளிக்கொண்டே இருப்பதும் அதே கணக்குதான். அப்புறம் 2006இல் அஸா ராஸ்கின் என்பவர் முடிவே இல்லாமல் பக்கம் நீண்டுகொண்டே போகும் முறையை உருவாக்கினார். அதற்கு முன் ஒரு பக்கம் முடிந்தால் ‘அடுத்த பக்கம்’ என்று அழுத்தவேண்டும். போதும் என்று எழுந்துபோக அந்த ஒரு நொடி இடம் கொடுத்தது. அதுவும் போய்விட்டது. இதைச் செய்ததற்காக அவரே பின்னாளில் வெளிப்படையாக வருத்தப்பட்டிருக்கிறார். படித்தவர்கள் கூட்டமாக உட்கார்ந்து இதையே வேலையாகச் செய்யும்போது பதினாறு வயசுப் பிள்ளை ஒற்றை ஆளாக எப்படி ஜெயிப்பான், சொல்லு.

அதனால் அவன் காதுபட ‘அடிமை’ என்று சொல்லாதே. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் வீடியோ விளையாட்டு சம்பந்தப்பட்ட கோளாறு ஒன்று இருக்கிறது. அதற்குக்கூட, கட்டுப்பாடு கைவிட்டுப்போய், மற்ற எதையும்விட விளையாட்டே பெரிதாகி, கெடுதல் தெரிந்தும் தொடர்ந்து, இப்படிப் பொதுவாக ஒரு வருஷமாவது இருந்திருக்கவேண்டும். ரீல்ஸ் பார்ப்பது அந்தப் பட்டியலிலேயே தனியாக இல்லை. நாமாகப் பெயர் வைத்து அவனை நோயாளியாக்க வேண்டாம்.

மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்து வட்காவ் கிராமத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு தெம்பு. கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்கென்று பிள்ளைகள் கையில் வந்த போன், பள்ளி திறந்த பிறகும் இறங்கவில்லை. 2022இல் ஊர் கூடி முடிவெடுத்தார்கள். சாயந்திரம் ஏழு மணிக்குக் கோயிலில் சைரன் ஒலிக்கும். எட்டரைக்கு மறு சைரன் வரும்வரை ஊர் முழுக்க டிவியும் போனும் அணைந்திருக்கும். பிள்ளைகள் படிப்பார்கள், பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆரம்பத்தில் வீடு வீடாகப் போய்ச் சொல்லவேண்டியிருந்ததாம். பெரியவர்களும் சேர்ந்து போனைக் கீழே வைத்ததால்தான் அது நடந்தது என்று நினைக்கிறேன்.

உன் வீட்டிலும் அதுதான் வேண்டும், கலா. போன தடவை வந்தபோது பார்த்தேன், அண்ணன் தண்ணீர்ச் சொம்பில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார். நீ ரசம் ஊற்றினாயா மோர் ஊற்றினாயா என்றுகூடக் கவனிக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே எதிரே உட்கார்ந்திருந்தான் பிரபு. அவனிடம் மட்டும் பிடுங்கினால் அவனுக்கு அது தண்டனையாகத்தான் தெரியும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது மூன்று போனும் ஹாலில் சார்ஜில் போகட்டும், விடியும்வரை அங்கேயே இருக்கட்டும். அலாரத்துக்குப் போன் வேண்டும் என்பான், ஒரு டைம்பீஸ் வாங்கிக் கொடு. பகலில் முழுக்க நிறுத்திவிடாதே. வீட்டுப்பாடமும் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது, அவன் சிநேகிதர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன பார்க்கிறாய் என்று கேட்டு நீயும் பார். கோபமில்லாமல் கேட்டால் சொல்லுவான்.

இதெல்லாம் செய்தும் தூக்கமும் சாப்பாடும் சரியாகவில்லை என்றால் தயங்காதே. 14416 என்ற அரசு மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம், செலவில்லை. பெங்களூர் நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் இதற்கென்றே தனி கிளினிக் இருக்கிறது. போவதானால் சொல், லீவு போட்டுவிட்டு நானும் கூட வருகிறேன். அண்ணனிடம் நீ சொல்லத் தயங்கினால் இந்தக் கடிதத்தையே கொடுத்துவிடு, என்மேல் கோபப்பட்டால் பட்டுக்கொள்ளட்டும்.

அரையாண்டு லீவுக்குப் பிரபுவை இங்கே அனுப்பேன். இவர் மாடிக்குப் பெயின்ட் அடிக்கப்போகிறார், கூடமாட ஒரு ஆள் இருந்தால் நல்லது. அத்தைக்கு என் வணக்கம் சொல். பதில் போடு.

என்றும் அன்புடன்,
ராஜி