நாலு ஞாயிற்றுக்கிழமைகளும் ஒரு ஸ்பிரிங்கும்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. கண் அறுவைக்குப் பிறகு செய்தித்தாளைக் கண்ணாடியில்லாமல் படிக்கிறீர்கள் என்பதில் பெருமகிழ்ச்சி. இந்தப் பக்கத்துச் செய்தி ஒன்றுதான்: என் 1984ஆம் வருட புல்லட் மோட்டார் சைக்கிளின் கிளட்ச்சை நானே கழற்றி, நானே பூட்டி, மறுபடியும் கழற்றிப் பூட்டினேன்.

மேம்பாலம் ஏறும்போது எஞ்சின் மட்டும் உறுமுவதும் வண்டி நகர மறுப்பதுமாக ஆறு மாதம் இருந்தது. பிளேட் தேய்ந்துவிட்டது என்று முடிவுசெய்து ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புது செட் வாங்கிவந்தேன். கிளட்ச்சை மூடியிருக்கும் இடப்பக்க பிரைமரி கவரை ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்; இங்கிலாந்தின் ரெட்டிச்சில் வரைந்ததைத் திருவொற்றியூர் தொழிற்சாலையில் கடைசிவரை மாற்றவே இல்லை. ஆயில் கசிகிறதே என்று அந்த நட்டை மேலும் மேலும் முறுக்கியே கவரைக் கோணலாக்கியவர்கள் எத்தனை பேரோ, நானும் அதில் ஒருவன்.

மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டரையும் ரோட்டாரையும் எடுத்த பிறகுதான் உள்ளே இருப்பது கைக்கு எட்டியது. இரட்டை வரிசைச் செயினில் இணைப்புக் கண்ணி கிடையாதாகையால், எஞ்சின் பல்சக்கரம், செயின், கிளட்ச் டிரம் மூன்றையும் ஒன்றாகவே வெளியே இழுக்க வேண்டியிருந்தது. கிளட்ச்சின் நடுநட்டு அசையவில்லை. டாப் கியரில் போட்டு, மகனைப் பின்பிரேக்கின்மேல் ஏறி நிற்கச் சொல்லி, நான் ஸ்பானரில் தொங்கிய காட்சியை மாடிவீட்டுக்காரர் படம் எடுத்துவைத்திருக்கிறார்.

நீங்கள் அந்தக் காலத்தில் சொல்லிக்கொடுத்தபடியே ஒவ்வொரு பிளேட்டையும் கழற்றிய வரிசையில் செய்தித்தாளில் பரப்பினேன். புதியவற்றை ஒரு இரவு ஆயிலில் ஊறவைத்து, உராய்வுப் பிளேட் ஒன்று, வெறும் இரும்புப் பிளேட் ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கினேன். செயினை நாலைந்து இடங்களில் சுற்றிப் பார்த்து, மிகவும் விறைப்பாக இருந்த இடத்தில் கால் அங்குல ஆட்டம் வைத்தேன். கடைசியில் ஸ்பிரிங்குகளை அழுத்திப் பிடிக்கும் கிளட்ச் மூடியின் மூன்று திருகாணிகளை ஆளுக்கு ஒரு சுற்றாக இறுக்கும்போது புது ஸ்பிரிங் ஒன்று துள்ளி, பீரோவுக்கு அடியிலோ சாக்கடைக்குள்ளோ மறைந்தது. ஒன்றுதானே என்று பழையதில் ஒன்றைத் துடைத்துப் போட்டேன். ஒரு மாதமாக என்னைப் படுத்தியது அந்த அலட்சியம்தான்.

சறுக்கல் நின்றது. ஆனால் கிளட்ச்சைப் பிடித்தபடி முதல் கியர் போட்டால் வண்டி ‘டக்’கென்று குதித்தது, சிக்னலில் நின்றால் நியூட்ரல் கிடைக்கவில்லை. காலையில் ஆயிலால் பிளேட்டுகள் ஒட்டியிருக்கும் என்று, ஸ்டார்ட் செய்யுமுன் கிளட்ச்சைப் பிடித்துப் பத்து முறை கிக்கரை மிதித்தேன். பயனில்லை. கேபிள் ஆட்டத்தைக் குறைத்தேன், கூட்டினேன். கியர்பாக்ஸின் சிறு மூடியைத் திறந்து, கிளட்ச்சை விலக்கும் கம்பியான புஷ் ராடைத் தள்ளும் திருகையும் திருத்தினேன். அப்போதும் குதித்தது. நம் பேட்டை மெக்கானிக் ஒருவர் புது பிளேட்டுகள்தான் போலி என்று அடித்துச் சொன்னார்.

நாலாவது ஞாயிறு மறுபடியும் கவரைத் திறந்து, மகனை லீவரைப் பிடிக்கச் சொல்லி, எஞ்சின் ஓடாமலே கிக்கரை மெல்ல மிதித்தபடி பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் நேராக விலகாமல், ஒரு பக்கம் திறந்தும் மறுபக்கம் ஒட்டியும், வளைந்த சைக்கிள் சக்கரம்போல் ஆடிக்கொண்டு சுற்றியது. ஸ்பிரிங்குகளைக் கழற்றி வெர்னியர் அளவுகோலில் அளந்தேன். பழையது மட்டும் ஒன்றரை மில்லிமீட்டர் குட்டை. விசை குறைந்த அந்தப் பக்கம் முன்னால் எழும்ப, எதிர்ப்பக்கத்து பிளேட்டுகள் விடுபடாமல் தேய்ந்துகொண்டிருந்திருக்கின்றன. ஸ்பிரிங் முழு செட்டையும் புதிதாகப் போட்டு, சுமார் 420 மில்லி ஆயில் ஊற்றி மூடினேன். இப்போது நின்ற நிலையில் வலக்கால் குதிகாலால் லேசாகத் தட்டினாலே நியூட்ரல் விழுகிறது.

பிளேட்டுகள் மீது பழி போட்டவரிடம் இதைச் சொன்னேன். ‘அதான் நானும் நினைச்சேன்’ என்றார்.

உங்கள் வண்டியிலும் நியூட்ரல் தகராறு என்று எழுதியிருந்தீர்கள். பிளேட் வாங்குமுன் கவரைத் திறந்து பிரஷர் பிளேட் ஆடுகிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங்குகளை அளக்க வெர்னியர் தேடுவீர்களே. பாலிடெக்னிக் காலத்தில் உங்களிடம் வாங்கியது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய கூட்டாளி