கோல்ப் பந்துக்கும் கறுப்புச் சந்தையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான் இறக்குமதி செய்யும் கடையொன்றில் கணக்கு எழுதுபவள் நான். என் மகன் கோல்ப் பழகுகிறான். இதைச் சொன்னதும் வெள்ளவத்தையில் அயலவர்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அவனுடைய மட்டைகள் எல்லாம் யாரோ பாவித்துக் கைமாற்றியவை. ஆனால் பந்து அப்படியல்ல. தண்ணீருக்குள்ளும் புதருக்குள்ளும் தொலைந்துகொண்டே இருக்கும்; வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

போட்டி நெருங்கியதால் டைட்டிலிஸ்ட் புரோ வி1 பந்து ஒரு பெட்டி கேட்டான். 2000 ஆம் ஆண்டு வெளிவந்த இந்தப் பந்தைத்தான் பெரிய வீரர்களில் அநேகர் அடிக்கிறார்கள். வழமையாக வாங்கும் கடையில் டசின் 26,500 ரூபாய்க்கு இருந்தது. சம்பளம் வந்ததும் போனால் முடிந்துவிட்டதாம். அன்றிரவே முகநூலில் அதே பெட்டி 48,000 ரூபாய்க்கு விளம்பரமாகிக் கிடந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடையின் விலைச்சீட்டை நகத்தால் சுரண்டியிருக்கிறார்கள். ஒரு மூலை அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது!

விற்பவரிடம் கேட்டேன். "டொலர் ஏறிப்போச்சு அக்கா, வரியும் கூட" என்றார். வரிக்கணக்கு என் பிழைப்பு. அமெரிக்காவில் இந்தப் பெட்டியின் சில்லறை விலை ஏறக்குறைய 55 டொலர். அதில் அந்த ஊர்க் கடைக்காரரின் இலாபமும் அடக்கம். டொலரை 300 ரூபாயாக வைத்தால் 16,500 ரூபாய். அதன்மேல் கப்பல் கூலி, சுங்கத்தில் கட்டுவது, 2.5 சதவீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி, 18 சதவீத வற், இங்குள்ள கடையின் இலாபம் எல்லாவற்றையும் ஏற்றித்தான் கடைக்காரர் 26,500 என்று விலை போட்டார். அதற்கு மேலுள்ள 21,500 ரூபாயில் அரசாங்கத்துக்கு ஒரு சதமும் போகவில்லை. பற்றுச்சீட்டுக் கேட்டதும் அவர் பதில் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

இது எங்கள் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. 2016 இன் கடைசியில் அமெரிக்காவின் கொஸ்ட்கோ நிறுவனம் கேர்க்லண்ட் என்ற தன் பெயரில் இரண்டு டசின் பந்தை 29.99 டொலருக்கு விற்றது. மலிவு, தரமும் நன்று என்று பேச்சுப் பரவியதும் பந்து தீர்ந்துபோய், ஒன்லைனில் இரண்டு மடங்குக்கும் அதிகமாக விலை ஏறியது. அவ்வளவு பெரிய சந்தையிலேயே அப்படியென்றால் இங்கே கேட்கவா வேண்டும்? பொரளைப் பக்கத்து றோயல் கொழும்பு, நுவரெலியா, திகனை, அம்பாந்தோட்டை என்று கைவிரல்களுக்குள் அடங்கும் மைதானங்கள். வரும் பெட்டிகளும் கொஞ்சம். காசுள்ள இரண்டு பேர் நினைத்தால் ஒரு தடவை வந்த சரக்கு முழுவதையும் ஒரே நாளில் வளைத்துவிடலாம். பாண் விலை ஏறினால் ஊரே கேட்கும். கோல்ப் பந்துக்கு யார் கேட்பார்கள் என்ற துணிச்சல்தான்.

பணக்கார விளையாட்டு, கொடுக்கட்டுமே என்று சிலர் சொல்லலாம். பணக்காரருக்கு வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார். ஒன்லைனில் மாட்டிக்கொள்வது என் மகனைப் போன்றவர்களும், மைதானத்தில் மற்றவர்களின் பையைச் சுமந்துகொண்டே விளையாடப் பழகும் பொடியன்களும்தான். இந்தியத் தொழில்முறைச் சுற்றுப்போட்டிகளில் பட்டம் வென்ற எங்கள் என். தங்கராஜாவைப் பார்த்து ஆசைப்படும் பிள்ளைகள் இவர்கள்.

பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். விதிப்படி பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேற்படக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. அனுமதிக்கப்பட்ட பந்துகளின் பட்டியலில் மலிவான இரண்டு அடுக்குப் பந்துகளும் நிறைய உண்டு. விலை கூடிய பந்தின் யூரித்தேன் என்ற பிளாஸ்டிக் மேலுறை, குழிக்குக் கிட்டே அடிக்கும்போது கூடுதல் சுழற்சி தரும் என்பது உண்மைதான். பழகும் பிள்ளைக்கு அதற்காக 48,000 ரூபாய் தேவையில்லை. நான் மகனுக்கு இரண்டு அடுக்குப் பந்தையே வாங்கிக் கொடுத்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போட்டிக்குப் போனான்.

குறித்த விலைக்கு மேல் விற்கும் வர்த்தகர்மீது நடவடிக்கை எடுக்க 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. முறையிட 1977 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. வாராவாரம் பெட்டி பெட்டியாக விளம்பரம் போடுகிறவரை வீட்டில் மிஞ்சியதை விற்கும் தனிநபர் என்று அதிகார சபை விட்டுவிடக் கூடாது. கடைக்காரர்களும் ஆளுக்கு ஒரு பெட்டிக்கு மேல் கொடுக்காதிருக்கலாம். தட்டுப்பாட்டுக் காலத்தில் பால்மாவை அப்படித்தானே அளந்து கொடுத்தார்கள்?

இங்ஙனம்,
இளம் கோல்ப் வீரன் ஒருவனின் தாய்,
கொழும்பு 06.