ஆலைக்கு ஆள் சேர்த்த கதை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். பேத்தியைப் பள்ளியில் சேர்க்காமல் வீட்டிலேயே படிக்கவைக்கப் போவதாக எழுதியிருந்தாய். அது உங்கள் விருப்பம். ஆனால் நீ சொன்ன காரணம்தான் எனக்குச் செரிக்கவில்லை. ஆலைக்கு அடங்கி நடக்கும் ஆட்களைத் தயாரிக்கப் பழைய ஜெர்மனியின் பிரஷ்யாக்காரன் கண்டுபிடித்ததாம் அரசுப் பள்ளி! காலமெல்லாம் அரசுப் பள்ளியில் சாக்பீஸ் பிடித்தவளிடமா இதைச் சொல்கிறாய்?

பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக் பள்ளியைக் கட்டாயமாக்கியது 1763இல். அப்போது அங்கே நீராவி ஆலை ஏது? பக்தியும் பணிவும் உள்ள குடிமக்கள் அவருக்கு வேண்டியிருந்தார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆலைகள் பெருகிய இங்கிலாந்திலோ முதலாளிகள் பிள்ளைகளை இயந்திரத்தடியிலேயே வைத்திருந்தார்கள். அவர்களுக்குத் தினமும் இரண்டு மணி நேரமாவது படிப்பு கொடுக்க 1833இல் சட்டம் போட வேண்டியிருந்தது.

நீ இருக்கும் மாசசூசெட்ஸின் கதை இன்னும் பழையது. 50 வீடுள்ள ஊர் ஒரு வாத்தியாரை அமர்த்த வேண்டும் என்று 1647இல் சட்டம் வந்தது, வேதம் வாசிக்கவிடாமல் சாத்தான் மக்களைக் கெடுக்கிறான் என்ற பயத்தில்! அதே மாநிலத்தின் கல்வி வாரியச் செயலர் ஹொரேஸ் மான் 1843இல் பிரஷ்யப் பள்ளிகளைப் பார்த்துவந்தார். அங்கே பிள்ளைக்கு ஓர் அடி விழுந்தும் காணவில்லை, ஆசிரியர் உட்கார்ந்தபடி பாடம் கேட்டும் காணவில்லை என்று எழுதினார். தங்களைக் குத்திக்காட்டுகிறார் என்று பாஸ்டன் வாத்தியார்களுக்கு வந்ததே கோபம்! மன்னராட்சிக்கு முட்டுக்கொடுக்கும் பள்ளியை மக்களாட்சிக்கும் பயன்படுத்தலாமே என்பது ஹொரேஸ் மானின் வாதம். தொடங்கியவன் நினைத்தபடியேதான் பள்ளி நடக்க வேண்டுமா என்ன?

நம் ஊருக்கு வா. 1826இல் ஆங்கிலேய ஆளுநர் மன்றோ தந்த கணக்கில் சென்னை மாகாணப் பள்ளிகளில் படித்தவர்கள் 1,88,650 பேர். அதில் பெண்கள் 4,540. சென்னை நகரில் பள்ளிக்குப் போனவர்களைவிட வீட்டில் படித்தவர்கள் பல மடங்கு. வீட்டுக்கு வாத்தியாரை வரவழைக்க வசதி வேண்டும் அல்லவா? எஞ்சியவர்களுக்குப் பொதுப்பள்ளியை விட்டால் வேறு கதி ஏது? அங்கேயும் பசி குறுக்கே நின்றது. 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் உணவு தரத் தீர்மானித்தார்கள். 1956இல் காமராஜர் அதை மாநிலமெங்கும் கொண்டுபோனார்.

உன் பாட்டி என்னைப் பள்ளிக்கு அனுப்பியது அந்த மதிய உணவுக்காகத்தான். அலுமினியத் தட்டும் பலகையும் ஒரே பைக்குள். சாப்பிட்டுத் தட்டைக் கழுவி, ஈரக் கையோடு வகுப்புக்கு ஓடுவோம். பெயர் எழுதத் தெரிந்தால் போதும் என்றிருந்தவர், நான் எட்டாம் வகுப்பு தேறியபோது, மேலே படிக்கவைக்க வேண்டும் என்று தாத்தாவிடம் சண்டைபோட்டார். இதை எந்த பிரெடரிக் திட்டமிட்டார்?

அங்கே வீட்டில் வைத்துப் படிப்பிக்க ஊர்ப் பள்ளி நிர்வாகத்தின் முன் அனுமதி வேண்டும். அதைக் கேட்கப் போகும்போது பேத்தியையும் அழைத்துப் போ. வகுப்பறையை அவள் ஒருமுறை பார்க்கட்டும். மருமகள் என்ன சொல்கிறாள் என்று நீ எழுதவே இல்லை.

அன்புடன்,
அம்மா