லே மான்ஸ் பார்க்க விரும்பும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் விடுமுறைக்கு வந்திருப்பதும், 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்ததைப் பார்த்ததிலிருந்து அவனுக்குக் கார் பந்தயத்தைத் தவிர வேறு பேச்சே இல்லை என்பதும் படித்துச் சிரித்தேன். இங்கே அனைவரும் நலம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. வரும் ஜூன் மாதம் பிரான்சில் நடக்கும் லே மான்ஸ் 24 மணி நேரக் கார் பந்தயத்தை அவனோடு சேர்ந்து பார்க்க வேண்டும், எங்கே, எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இருபத்து நான்கு மணி நேரமும் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்ப்பேன் என்று சபதம் எடுப்பவர்கள் பெரும்பாலும் நள்ளிரவுக்குள் அலுத்துப் போய், நல்ல கட்டம் வரும்போது குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்கள். ஓட்டுபவர்களே அப்படி ஓட்டுவதில்லை. ஒரு காருக்கு மூன்று ஓட்டுநர்கள் முறை வைத்து ஓட்டுகிறார்கள். எந்த ஆறு மணி நேரத்திலும் ஒருவர் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, மொத்தமாகப் பதினான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று விதியே இருக்கிறது. பார்ப்பவனும் அதே போல முறை வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

நம் ஊர் நேரம் இதற்கு மிகவும் தோதாக அமைந்திருக்கிறது. அங்கே சனிக்கிழமை மாலை 4 மணிக்குக் கொடி அசைத்தால் நமக்கு இரவு 7.30. ஜூன் மாதத்தில் பிரான்சில் சூரியன் மறைய இரவு 10 மணி ஆகிவிடும். அது நமக்கு அதிகாலை 1.30. மீண்டும் விடியும்போது நமக்குக் காலை 9.30 ஆகியிருக்கும். ஆகவே இரவு உணவோடு தொடக்கத்தைப் பார்த்துவிட்டு, பதினொன்றரைக்குப் படுத்து, ஐந்து மணிக்கு எழுந்து காப்பியோடு உட்கார்ந்தால், அங்கே கும்மிருட்டில் விளக்குகள் மட்டும் பாய்ந்து போகும் நேரத்தில் பெரும்பகுதி உங்களுக்குக் கிடைத்துவிடும். மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போடுங்கள். நாலரை மணிக்கு மறுபடி உட்கார்ந்தால் 7.30-க்கு முடிவைப் பார்த்துவிடலாம். ஐரோப்பாவில் இருப்பவர்கள் கண் விழித்துத் தவிக்கும் பகுதியை நாம் பல் துலக்கிவிட்டுப் புத்துணர்ச்சியோடு பார்க்கிறோம்.

இனி எங்கே பார்ப்பது என்பது. இந்தியாவில் எந்த அலைவரிசைக்கு உரிமை என்பது நிலையாக இருப்பதில்லை, அதனால் அதை நம்பி உட்காராதே. லே மான்ஸும் ஒரு சுற்றாக உள்ள உலகத் தாங்குதிறன் சாம்பியன்ஷிப்பை (WEC) நடத்துபவர்களின் அதிகாரபூர்வ செயலியில், அந்த ஒரு பந்தயத்துக்கு மட்டும் பணம் கட்டினாலும் முழுவதும் வரும். சில கார்களின் உள்ளே பொருத்திய கேமராவின் காட்சியையும் தனியாகத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். பணம் கட்ட வேண்டுமா என்று யோசிப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா? அப்படியானால் முதலில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங், பெல்ஜியத்தின் ஸ்பா ஆகிய 24 மணி நேரப் பந்தயங்களின் பழைய பதிவுகளைப் பார்த்துப் பழகு. துபாய் பந்தயத்தைப் போலவே அவையும் யூடியூபில் ஆங்கில வர்ணனையோடு இலவசமாக வருகின்றன. பேரனுக்கு எத்தனை மணி நேரம் பொறுமை நிற்கிறது என்பதும் செலவில்லாமல் தெரிந்துவிடும்.

ஆனால் லே மான்ஸுக்கு என் முதல் பரிந்துரை படம் அல்ல, வானொலி. ரேடியோ லே மான்ஸ் என்ற ஆங்கில ஒலிபரப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தொலைக்காட்சிக் கேமரா எப்போதும் முன்னணியில் ஓடும் காரின் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கும். வர்ணனையாளர்களோ பின்வரிசையில் ஒரு சிறிய அணி கியர்பெட்டியை இறக்கி வைத்துப் போராடுவதையும் விடாமல் சொல்வார்கள். நாம் கிரிக்கெட் வர்ணனையை டிரான்சிஸ்டரில் கேட்டு வளர்ந்தவர்கள். உனக்கு இது பிடிக்காமல் போகாது. சமையலறையில் நடமாடும்போதும் மொட்டை மாடியில் துணி காயப் போடும்போதும் காதில் ஓடிக்கொண்டிருக்கட்டும். குரல் உயர்ந்தால் ஓடி வந்து திரையைப் பார்.

அதோடு ஒவ்வொரு காரின் இடத்தையும் சுற்று நேரத்தையும் உடனுக்குடன் காட்டும் நேரப் பட்டியலையும் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொள். ஒரு சுற்று 13.626 கிலோமீட்டர், முதல்தர வகையான ஹைப்பர்கார் அதை ஏறக்குறைய மூன்றரை நிமிடத்தில் ஓடி முடிக்கும். பன்னிரண்டு பதின்மூன்று சுற்றுக்கு ஒரு முறை, அதாவது முக்கால் மணிக்கு ஒரு தடவை, எரிபொருளுக்காக உள்ளே வந்தாக வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால், முன்னால் ஓடுகிறவன் உண்மையாகவே முன்னால் இருக்கிறானா, இன்னும் எரிபொருள் நிரப்ப வராததால் அப்படித் தெரிகிறானா என்பது உனக்கே விளங்கும். அது விளங்கிய பிறகு பந்தயம் வேறாகத் தெரியும்.

பேரனுக்கு வகைகளைச் சொல்லிக் கொடு. ஹைப்பர்கார், எல்எம்பி2, எல்எம்ஜிடி3 என்று மூன்று வகைக் கார்கள் ஒரே பாதையில் கலந்து ஓடுகின்றன; ஒவ்வொன்றிலும் தனித்தனிப் போட்டி. கடையில் விற்கும் காரிலிருந்து உருவான ஜிடி வகைக்கு இரவில் மஞ்சள் முகவிளக்கு, மற்றவற்றுக்கு வெள்ளை. இருட்டில் எது எதை முந்துகிறது என்பதை அந்த நிறத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

எரிபொருளுக்கும் டயர் மாற்றவும் கார் உள்ளே வந்து நிற்கும் பிட் நிறுத்தம் ஒன்றையாவது தொடக்கம் முதல் முடிவு வரை அருகில் காட்டும் காட்சியாகப் பாருங்கள். கார் நின்றதும் குழாயைச் செருகுவார்கள். பக்கத்தில் ஒருவர் தீயணைப்புக் கருவியோடு நிற்பார். எரிபொருள் ஏறிக்கொண்டிருக்கும்போது டயரைத் தொடக் கூடாது. ஆனால் ஓட்டுநர் மாறலாம்: இறங்கியவர் அப்படியே போய்விடாமல், குனிந்து உள்ளே போனவருக்கு இடுப்பு வாரையும் தோள் வாரையும் இழுத்து மாட்டி, தண்ணீர்க் குழாயையும் அணியோடு பேசும் வானொலிக் கம்பியையும் பொருத்திக் கொடுப்பார். குழாயை உருவிய பிறகுதான் காற்றழுத்தத்தில் கார் தானாக எழும்பும், டயர்கள் கழலும். இந்த ஒழுங்குக்காகவே நான் பார்க்கிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

முடிவை மட்டும் தவற விடாதே. 2016-இல் டொயோட்டாவின் 5-ஆம் எண் கார், வெற்றி உறுதி என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, கடைசி நிமிடங்களில் வேகம் இழந்தது. ஓட்டிய கசுகி நகாஜிமா, சக்தியே இல்லை என்று வானொலியில் சொல்லிக்கொண்டே தொடக்கக் கோட்டருகே, தன் அணியினரின் கண் முன்னே நின்றுவிட்டார். ஆட்டம் முடிய மூன்று நிமிடமே இருந்தபோது போர்ஷே முந்திச் சென்று வென்றது. எப்படியோ காரை நகர்த்திக் கடைசிச் சுற்றை முடித்தும், அதை 6 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற விதியால் அந்தக் காருக்கு இரண்டாம் இடம்கூடக் கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து டொயோட்டா முதன்முறையாக வென்றபோது, வென்ற காரை ஓட்டிய மூவரில் நகாஜிமாவும் ஒருவர்.

அதற்காக எல்லா மணி நேரமும் இப்படி இருக்கும் என்று எதிர்பார்க்காதே. 2024-இல் மழையால் விடியற்காலையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் எல்லாக் கார்களும், பாதுகாப்புக்காக முன்னே மெதுவாகச் செல்லும் சேஃப்டி காரின் பின்னால் ஊர்வலம் போயின. நம் கணக்கில் அது ஞாயிற்றுக்கிழமை காலை. ஆக, எழுந்து உட்காரும் நேரம் வீணாகிப் போகவும் கூடும். ஆனால் அதே பந்தயத்தில்தான் ஃபெராரி வெறும் 14 விநாடி இடைவெளியில் டொயோட்டாவைத் தோற்கடித்தது.

நேரில் போய்ப் பார்க்கும் ஆசையும் எழுதியிருக்கிறாய். பாரிசின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரப் பயணம். ஊரிலிருந்து பந்தய மைதானம் வரை டிராம் போகிறது. இருக்கையில் அமர்ந்து பார்ப்பதைவிட, பொது நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு டெர்த்ர் ரூஜ் வளைவிலும் அர்னாஜ் வளைவிலும் நின்று பார்ப்பதையே விவரம் தெரிந்தவர்கள் விரும்புகிறார்கள். மூன்று லட்சம் பேர் கூடும் இடத்தில் தங்குமிடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. பலரும் கூடாரம் அடித்துத்தான் தங்குகிறார்கள். என் முழங்காலுக்கு அது சரிப்படாது, உன் முதுகுக்கும் சரிப்படாது. பேரன் வளர்ந்த பிறகு போகட்டும். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2012-இல் அங்கே போட்டியிட்ட முதல் இந்தியர் ஆனதையும், அவரது கார் ஒட்டுமொத்தத்தில் ஆறாம் இடம் பெற்றதையும் அவனிடம் சொல். நிச்சயம் உன்னைவிட உற்சாகமாகிவிடுவான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தொடங்குவதற்கு முன் நீயும் அவனும் ஆளுக்கு ஒரு காரைத் தேர்ந்தெடுத்து எண்ணை எனக்கு எழுதுங்கள். முன்வரிசைக் காராக இருக்க வேண்டாம். எல்எம்ஜிடி3-இல் எதையாவது எடுங்கள். நானும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறேன். என் கார் முதலில் பழுதாகி நின்றால் அடுத்த முறை உன் ஊருக்கு வரும்போது அல்வா என் செலவு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்