1பி என்று எழுதினால் பச்சை: விமான நிறுவனங்களின் பொறுப்பு மேலாளர்களுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய பொறுப்பு மேலாளர்களுக்கும் பாதுகாப்பு மறுஆய்வுக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். உங்கள் கூட்டத்துக்கு வரும் இடர்ப் பதிவேட்டை, அதாவது நேரக்கூடிய ஆபத்துகளையும் அவற்றைத் தடுக்கும் நடவடிக்கைகளையும் பட்டியலிடும் ஆவணத்தை, எழுதுகிறவர்கள் நாங்கள்: பாதுகாப்புப் பிரிவிலும், பராமரிப்பிலும், பறத்தல் தரவுப் பகுப்பாய்விலும் இருப்பவர்கள். அந்தப் பதிவேட்டில் ஒவ்வொரு வரியின் கடைசிக் கட்டத்திலும் இருக்கும் நிறத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

எந்த நிறுவனத்தின் பதிவேட்டிலும் கிடைக்கக்கூடிய ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். "தவறான உதிரிபாகம் பொருத்தப்படலாம். காரணம்: மனிதத் தவறு. மதிப்பு: 4பி." எண் நிகழும் வாய்ப்பைச் சொல்கிறது, எழுத்து விளைவின் கடுமையை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் கையேட்டிலுள்ள மாதிரி அட்டவணைப்படி 4பி சிவப்பு. "கவனமாகப் பணிபுரியவும்" என்று ஒரு சுற்றறிக்கை போகிறது. மதிப்பு 2பி ஆகிறது, மஞ்சள். அரை நாள் வகுப்பு ஒன்று நடக்கிறது; 1பி, பச்சை. நீங்கள் கையெழுத்திடுகிறீர்கள், வரி மூடப்படுகிறது. 4 என்றால் எப்போதாவது நடந்திருக்கிறது என்று பொருள். 1 என்றால் நடக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியாது என்று பொருள். ஒரு மின்னஞ்சலும் ஒரு வகுப்பும் இந்தத் தூரத்தைக் கடந்துவிட்டதாக எழுதியவர்கள் நாங்கள்தான். கேட்காமல் விட்டவர்கள் நீங்கள்.

1990 ஜூன் 10 அன்று பர்மிங்காமிலிருந்து மலாகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390, ஏறத்தாழ 17,300 அடி உயரத்தில் இருந்தபோது கேப்டன் பக்கத்து முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் இடுப்புக்கு மேற்பட்ட உடல் வெளியே இழுக்கப்பட்டது. கேபின் ஊழியர்கள் அவரைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுதாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் உட்பட அனைவரும் பிழைத்தார்கள். விமானம் கிளம்புவதற்கு முன்பு, இரவு ஷிஃப்டில்தான் அந்தக் கண்ணாடி மாற்றப்பட்டிருந்தது. 90 போல்ட்டுகளில் 84-இன் விட்டம் 0.026 அங்குலம் குறைவு. மில்லிமீட்டரில் சொன்னால் முக்காலுக்கும் கீழே. மீதி ஆறு, விட்டம் சரியாக இருந்தும் நீளம் போதாதவை.

இந்த நிகழ்வை "தவறான போல்ட்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது. பணி நடந்த வரிசையில் பார்த்தால் வேறு படம் தெரியும். ஆள் பற்றாக்குறையில் ஷிஃப்ட் மேலாளரே வேலையில் இறங்கினார். பழைய போல்ட்டை மாதிரியாக வைத்து ஒப்பிட்டார். அந்தப் பழைய போல்ட்டே உரிய வகை அல்ல, ஆனாலும் கண்ணாடியைத் தாங்கிக்கொண்டிருந்தது. ஸ்டோர்ஸில் இருந்தவர் சரியான வகை எது என்று சொல்லவும் செய்தார். ஆனால் தேடிய வகை போதுமான எண்ணிக்கையில் இருப்பில் இல்லை. வேறிடத்தில், வெளிச்சம் குறைந்த ஒரு உதிரிபாக அடுக்கிலிருந்து, கண்ணால் ஒப்பிட்டு எடுத்தார். விட்டம் குறைந்த போல்ட்டின் தலை குழிக்குள் அளவுக்கு மீறி இறங்கும், அது ஓர் எச்சரிக்கை. ஆனால் அவர் நின்ற இடத்திலிருந்து அது சரியாகத் தெரியவில்லை. இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டிய பணிகளின் பட்டியலில் முன்கண்ணாடி இல்லை. அழுத்தச் சோதனையும் கட்டாயமில்லை. எல்லாவற்றுக்கும் மேல், அந்தக் கண்ணாடி வெளியிலிருந்து பொருத்தப்படும் வகை. உள்ளழுத்தம் முழுவதையும் தாங்குவது போல்ட்டுகள் மட்டுமே.

"கவனமாக இருங்கள்" என்ற சுற்றறிக்கை இதில் எந்த இடத்தில் போய் நின்றிருக்கும்? இருப்பு கூடியிருக்காது, விளக்கு எரிந்திருக்காது, இரண்டாவது ஆள் வந்திருக்கமாட்டார். அந்த மேலாளர் ஏற்கெனவே கவனமாகத்தான் இருந்தார்.

அதனால் முதல் வேண்டுகோள்: "மனிதத் தவறு" என்று காரணக் கட்டத்தில் எழுதிய எந்த வரியையும் திருப்பி அனுப்புங்கள். எங்களுக்குச் சிரமம்தான், பரவாயில்லை. அதே வரி இப்படி வரவேண்டும்: "குறைந்தபட்ச இருப்புக்குக் கீழே போன போல்ட்டுகள் இரவு ஷிஃப்டில் பாக எண் பார்க்காமல், மாதிரியோடு ஒப்பிட்டு எடுக்கப்படுகின்றன." இப்படி எழுதினால் என்ன செய்ய வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது. பாகப் பட்டியலின் எண்ணைப் பணித்தாளில் அச்சிடுவது, எண் பொருந்தாமல் ஸ்டோர்ஸ் எதையும் வெளியே விடாதது, கட்டுப்பாடில்லாத அடுக்குகளை எடுத்துவிடுவது, அழுத்தம் தாங்கும் ஒவ்வொரு பொருத்துதலையும் இரண்டாம் சரிபார்ப்புப் பட்டியலில் சேர்ப்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு தேதி, சரிபார்க்கும் முறை. மதிப்பைக் குறைப்பது அந்தச் சரிபார்ப்பு முடிந்த பிறகு மட்டுமே. பயிற்சியும் நினைவூட்டலும் கூடாது என்று சொல்லவில்லை. அவை மட்டுமே நடவடிக்கை என்றால் எண் மாறக்கூடாது என்கிறோம்.

அடுத்தது நீங்கள் விரும்பிப் பார்க்கும் வரைபடங்கள். பாதுகாப்புக் குறியீடு ஒவ்வொன்றுக்கும் ஓர் எச்சரிக்கைக் கோடு போடுகிறோம். பரவலாகப் பின்பற்றப்படும் முறை இது: முந்தைய காலத்தின் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் (எண்ணிக்கை சராசரியைச் சுற்றி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற அளவையும்) கணக்கிட்டு, ஒரு புள்ளி சராசரிக்கு மேல் மூன்று விலக்கத்தைத் தாண்டினாலோ, தொடர்ந்து இரண்டு புள்ளிகள் இரண்டு விலக்கத்தைத் தாண்டினாலோ, தொடர்ந்து மூன்று புள்ளிகள் ஒரு விலக்கத்தைத் தாண்டினாலோ எச்சரிக்கை. கேட்க அழகாக இருக்கும். இதில் இரண்டு ஓட்டைகள். மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ நடக்கும் நிகழ்வுக்கு விலக்கம் கணக்கிடுவதில் பொருளில்லை. பூச்சியத்திலிருந்து மூன்றுக்குத் தாவினாலும் எச்சரிக்கை எழாமல் போகலாம். இரண்டாவது மோசமானது. சென்ற ஆண்டு ஏற்ற இறக்கத்தோடு மோசமாக இருந்தால் சராசரியும் விலக்கமும் உயர்கின்றன. அவற்றிலிருந்து வரும் இந்த ஆண்டின் கோடு இன்னும் மேலே போய்விடுகிறது. சென்ற ஆண்டு அலறியிருக்க வேண்டிய எண்ணிக்கை இந்த ஆண்டு அமைதியாகக் கடந்துபோகும், வரைபடமும் பச்சையாகவே இருக்கும். கோட்டை ஆண்டுதோறும் தானாக நகரவிடாதீர்கள். மேலே நகர்த்த வேண்டுமானால் அது ஓர் இடர் முடிவு. காரணத்தோடு உங்கள் கையெழுத்து அதில் வேண்டும்.

இன்னொரு குறியீடு, நிலைபெறாத அணுகுமுறை, அதாவது விமானம் சீரான நிலைக்கு வராமலே ஓடுபாதையை நெருங்குவது. தரையிறங்கும்போது மேகத்துக்குள் 1,000 அடியிலும் தெளிந்த வானில் 500 அடியிலும் வேகம், இறங்கும் வீதம், ஃபிளாப் (இறக்கையின் பின்னோர மடிப்புத் தகடு), எஞ்சின் விசை எல்லாம் நிலைபெற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் மீண்டும் மேலேற வேண்டும் என்பது பரவலான விதி. ஃபிளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் ஆய்வின்படி நிலைபெறாத அணுகுமுறைகளில் மேலேறியது சுமார் 3 விழுக்காடு மட்டும். அதாவது, எழுதிவைத்த விதி ஏறக்குறைய யாரும் பின்பற்றாத விதியாக இருக்கிறது. ஆனால் உங்களுக்கு வரும் அறிக்கையில் "நிலைபெறாத அணுகுமுறை: குறைந்தது" என்ற எண் மட்டும் இருக்கும். எத்தனை பேர் மேலேறினார்கள் என்ற விகிதத்தைக் கேளுங்கள். அதைவிட முக்கியம், மேலேறிய விமானியிடம் எரிபொருள் செலவையும் தாமதத்தையும் விளக்கச் சொல்லிக் கடிதம் போகிறதா என்று பாருங்கள். போனால் அந்த விகிதம் உயராது.

தாமாக முன்வந்து எழுதும் அறிக்கைகள் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. எண்ணிக்கை கூடினால் பாதுகாப்பு கெட்டது என்று படிக்காதீர்கள். அமெரிக்காவில் 1976 முதல் நடக்கும் அறிக்கை முறையை நாசா நடத்துகிறது. தண்டிக்கும் அதிகாரம் உள்ள கைக்குப் பெயர் போகாது என்பதால்தான் ஆட்கள் எழுதுகிறார்கள். நிறுவனத்துக்குள்ளும் ஒரே ஒரு கேள்வி போதும்: இதே தகுதியும் அனுபவமும் உள்ள இன்னொருவர் அதே இடத்தில், அதே நேரத்தில் இதையேதான் செய்திருப்பாரா? ஆம் என்றால் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பை மூடிவிட்டு அமைப்பைத் திறந்து பாருங்கள். எழுதியவருக்குப் பதிலும் போகவேண்டும். பதில் வராத பெட்டியில் இரண்டாவது முறை யாரும் போடுவதில்லை.

மாற்றங்களை மதிப்பிடுவதில்தான் நமக்கு மிகப் பெரிய ஓட்டை இருக்கிறது. 2000 ஜனவரி 31 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261 பசிபிக் கடலில் விழுந்து 88 பேர் இறந்தார்கள். வாலின் கிடைத்தளத்தை நகர்த்தும் திருகுத்தண்டில் கிரீஸ் போதாமல் மரை தேய்ந்து பிய்ந்துபோனது. 1985-இல் அந்தத் தண்டுக்கு ஏறத்தாழ 700 பறத்தல் மணிக்கு ஒருமுறை கிரீஸ். பிறகு படிப்படியாக நீண்டது. 1996-இல் எட்டு மாதத்துக்கு ஒருமுறை, அதாவது சுமார் 2,550 மணி. தேய்மானத்தை அளக்கும் இடைவெளியும் கூடவே நீண்டது. கிரீஸ் விட்டுப்போனால் தேய்மானம் கூடும். கூடியதைக் கண்டுபிடிக்க வேண்டிய அளவீடும் தள்ளிப்போயிருந்தது. ஒரே காரணம் இரண்டு தடுப்புகளையும் ஒருசேரத் தளர்த்தியது.

இடைவெளியை நீட்டும் ஒவ்வொரு கோரிக்கையும் முந்தைய படியோடு மட்டும் ஒப்பிடப்பட்டால் சிறியதாகத்தான் தெரியும். எனவே உங்கள் மாற்ற மதிப்பீட்டுப் படிவத்தில் இரண்டு கட்டங்களைச் சேருங்கள். முதலாவது, தொடக்க மதிப்பிலிருந்து இதுவரை மொத்தம் எவ்வளவு விலகியிருக்கிறோம். இரண்டாவது, இந்த மாற்றம் சாய்ந்துகொள்ளும் பிற தடுப்புகளும் இதே காலத்தில் தளர்ந்திருக்கின்றனவா. விமானப் பராமரிப்புக்கு மட்டும் இல்லை இது. பணி அட்டவணை, தரைக் கையாளும் ஒப்பந்தம், திரும்பப் புறப்படும் நேரம், எல்லாவற்றுக்கும் இதே இரண்டு கட்டம்.

"இத்தனை வருடமாக ஒன்றும் நடக்கவில்லையே" என்ற வாதமும் கூட்டத்தில் எழும். 2006 செப்டம்பரில் ஆப்கானிஸ்தான் வானில் தீப்பிடித்து 14 பேரோடு விழுந்த பிரிட்டிஷ் விமானப்படையின் நிம்ராட் விமானத்துக்குப் பாதுகாப்பு ஆவணம் இருந்தது. முப்பது வருடம் பறந்துவிட்டது, அதனால் பாதுகாப்பானதுதான் என்ற முடிவோடு தொடங்கி எழுதப்பட்டது என்பதே 2009-இல் வெளியான விசாரணையின் கடுமையான விமர்சனம்.

கடைசியாக, உங்களிடமே மட்டும் கேட்கக்கூடிய ஒன்று. 2013-இல் நடைமுறைக்கு வந்த ஐகாவோவின் 19-ஆம் இணைப்பு, பாதுகாப்புக்கான இறுதிப் பொறுப்பைப் பொறுப்பு மேலாளர் என்ற உங்கள் பதவியோடு கட்டுகிறது. பாதுகாப்பு மேலாளரோடு இல்லை. பணம் ஒதுக்கும் அதிகாரம் உங்களிடம்தான். ஆகவே ஒரு நடவடிக்கை செலவுக்காக நிராகரிக்கப்பட்டால், "நிராகரிக்கப்பட்டது, தொகை இவ்வளவு, நிராகரித்தவர் இவர்" என்று அதே வரியில் எழுத அனுமதியுங்கள். இப்போது அது "ஆய்வில் உள்ளது" என்று எழுதப்பட்டு மூன்று கூட்டங்களுக்குப் பிறகு காணாமல் போகிறது.

அடுத்த கூட்டத்துக்கு முன்பு பதிவேட்டிலிருந்து மூன்று பச்சை வரிகளை நீங்களே தேர்ந்தெடுங்கள். எங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள், நாங்கள் நல்லவற்றையே எடுத்துக்கொடுப்போம். அதிகாலை மூன்று மணிக்கு ஹேங்கருக்கு வந்து, அங்கே பணியில் இருக்கும் டெக்னீஷியனிடம் அந்தத் தடுப்பைக் காட்டச் சொல்லுங்கள். அவர் காட்ட முடியாத வரியை அங்கேயே திறந்துவிடுங்கள். முன்கூட்டித் தகவல் சொல்ல வேண்டாம். சொன்னால் அன்று விளக்கெல்லாம் எரியும்.

இப்படிக்கு,
இடர்ப் பதிவேட்டை எழுதுகிறவர்கள்